புதிய நர்சைத் தனியே விடலாமா?

கழனியில் பூச்சிமருந்து அடிக்கும்போது மயங்கி விழுந்தவர். வரப்பில் கட்டுவிரியன் கடித்தவர். கடலூர் ரோட்டில் லாரி மோதியவர் - பாகூர் கொம்யூனில் உழைக்கும் ஜனங்கள் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ. வாசலுக்கு வந்து சேரும் வழிகள் இவை. நோயாளியை உள்ளே தள்ளிக்கொண்டு போகிறார்கள், கதவு மூடிக்கொள்கிறது. வெளியே மனைவி மக்கள் தரையில் துண்டை விரித்து இரவைக் கழிக்கிறார்கள்.

கதவுக்கு உள்ளே அந்த உயிரை இரவெல்லாம் காப்பது யார்? டாக்டர் வருகிறார், பார்க்கிறார், உத்தரவு எழுதுகிறார், அடுத்த நோயாளியிடம் போகிறார். படுக்கையை விட்டு அகலாமல் நிற்பவள் நர்சு. பல ஆஸ்பத்திரிகளில் அவள் போன மாதம் வேலைக்குச் சேர்ந்த இளம் பெண். அவள் வேறு யாருமல்ல. நம் தெருவில் கூலி வேலை செய்யும் குடும்பம் கடன் வாங்கிப் படிக்க வைத்த பெண்தான். ஆகவே அவளுடைய முதல் ஆறு மாதம் எப்படிக் கழிகிறது என்பது அவளுடைய சொந்தக் கவலை மட்டுமல்ல. நம் வர்க்கத்தின் உயிர்ப் பிரச்னை.

அந்த அறையில் என்ன வேலை?

"ஊசி போடுவதும் மாத்திரை கொடுப்பதும்தானே!" என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். இல்லை, தோழர்களே!

பூச்சிமருந்து விஷம் ஏறியவரின் நெஞ்சில் நீர் சுரந்து மூச்சை அடைக்கும். அதற்கு மாற்று மருந்தான அட்ரோபினை ஏற்றிக்கொண்டே, நாடி எத்தனை, கண்மணி விரிகிறதா, நெஞ்சுச் சத்தம் தெளிகிறதா என்று சில நிமிடங்களுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். மருந்து குறைந்தால் நோயாளி தன் சளியிலேயே மூழ்கிப் போவார். மிஞ்சினால் பிதற்றத் தொடங்குவார். கட்டுவிரியன் விஷமோ தசைகளைக் கட்டிப் போட்டுவிடும். இமை திறக்காது, கை அசையாது, மூச்சும் நின்றுவிடும். பார்ப்பவர்கள் "உயிர் போய்விட்டது" என்பார்கள். ஆனால் உள்ளே அறிவு விழித்திருக்கக்கூடும், காது கேட்கக்கூடும். வென்டிலேட்டரில் மூச்சைக் கொடுத்துச் சில நாட்கள் காத்தால் எழுந்து நடந்தவர்கள் பலர்.

அந்தச் சில நாட்களும் குழாயில் சளி அடைக்காமல் உறிஞ்சி எடுப்பது, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பது, தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பது, ஒவ்வொரு தொடுதலுக்கும் முன்னும் பின்னும் கை கழுவுவது எல்லாம் நர்சின் வேலை. பத்து யந்திரங்கள் பத்து விதமாக அலறும். எந்த அலறல் கம்பி கழன்றதால், எது உயிர் கழல்வதால் என்று பிரித்தறிய வேண்டும். மானிட்டரைப் பார்ப்பதற்கு முன் மனிதனைப் பார்க்க வேண்டும். இதைப் புத்தகம் மட்டும் கற்றுத் தராது. பக்கத்தில் நிற்கும் அனுபவசாலிதான் கற்றுத் தருவாள்.

யந்திரமல்ல, மனிதக் கை!

இந்தச் சிகிச்சை பிறந்த கதையே இதற்குச் சாட்சி. 1952-ல் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாகப் பரவியது. மூச்சுத் தசை செயலிழந்து யந்திரச் சிகிச்சை பெற்ற முதல் 31 பேரில் 27 பேர் மாண்டனர். இருந்த யந்திரங்களும் போதவில்லை. அப்போது பியோன் இப்சன் என்ற டாக்டர் ஒரு 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி மூச்சூட்டினார். சிறுமி பிழைத்தாள். பிறகு சுமார் 1,500 மாணவர்கள் ஷிப்ட் முறையில் மாதக் கணக்கில் இரவு பகலாகப் பை அழுத்தினார்கள். சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. இந்த அனுபவத்திலிருந்துதான் 1953 டிசம்பரில் அதே நகரில் தீவிர சிகிச்சைக்கென்று தனிப் பிரிவு தோன்றியது.

ஒரு நோயாளிக்கு எந்நேரமும் ஓர் ஆள்! இதுதான் அந்தச் சிகிச்சையின் அஸ்திவாரம். யந்திரத்தை வாங்கிவிட்டு ஆளைக் குறைப்பவர்கள் அஸ்திவாரத்தையே தோண்டுகிறார்கள்.

ஏட்டில் இருப்பதும் நாட்டில் இருப்பதும்

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கைக்கு ஒரு நர்சு என்பது இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் கணக்கு. நடைமுறையில் ஒரு பெண் மூன்று, நான்கு படுக்கைகளைப் பார்க்கும் இடங்கள் உண்டு. இரவு டியூட்டி 12 மணி நேரம்! வேலையை விட்டுப் போகாதிருக்கப் படிப்புச் சான்றிதழையே பிடித்து வைத்துக்கொள்ளும் நிர்வாகங்களும் உண்டு.

2016 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டதன் மேல் மத்திய சர்க்கார் அமைத்த கமிட்டி என்ன சொன்னது? 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் ஆஸ்பத்திரிகளில் சர்க்கார் நர்சுக்குச் சமமான சம்பளம். 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. உங்கள் தெருவில் புதிதாக வேலைக்குப் போகும் பெண்ணைக் கேளுங்கள், கையில் என்ன வாங்குகிறாள் என்று. வித்தியாசம் புரியும்!

சர்க்கார் ஆஸ்பத்திரிகள் மட்டும் ஒழுங்கா? தமிழ்நாட்டில் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை வாங்கப்பட்ட நர்சுகள் 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு போராட வேண்டியிருந்தது. கொரோனா காலத்தில் தெய்வம் என்று கும்பிட்டுக் கைதட்டினார்கள். அப்போது எடுத்த 2,400-க்கும் மேற்பட்ட நர்சுகளை 2022 டிசம்பர் முடிவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கைதட்டல் வயிற்றை நிரப்புமா?

"தண்ணீரில் தள்ளினால்தான் நீச்சல் வரும்" என்கிறார்கள் நிர்வாகிகள். தள்ளுவது அவளை, மூழ்குவது நோயாளி! நடவுக்குப் புதிதாக இறங்கும் பெண்ணைக்கூட இரண்டு கைதேர்ந்தவர்களுக்கு நடுவில் நிறுத்துகிறோம். மில்லில் புதியவன் பழைய தொழிலாளியின் பக்கத்தில் நின்றுதான் தறியைக் கற்றான். நூல் அறுந்தால் முடிச்சுப் போடலாம். உயிர் அறுந்தால்?

"ஆள் கிடைக்கவில்லை" என்பது அடுத்த சாக்கு. ஆள் கிடைக்காமல் இல்லை, நிற்பதில்லை. அடிமாட்டுச் சம்பளமும் முதுகொடிக்கும் இரவும் கொடுத்தால், படித்த பெண் வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பல் ஏறாமல் என்ன செய்வாள்?

அன்று மில், இன்று ஆஸ்பத்திரி

புதுவைத் தொழிலாளிக்கு எட்டு மணி நேர வேலை யாரும் தானமாகத் தரவில்லை. 1936 ஜூலை 30-ந் தேதி சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு சர்க்கார் சுட்டது. 12 தோழர்கள் ரத்தம் சிந்தி மாண்டார்கள். தோழர் வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் பலனாக 1937 ஏப்ரலில் எட்டு மணி நேரம் சட்டமாயிற்று. அந்தத் தியாகிகளின் பேத்திகள் அதே மண்ணில் 12 மணி நேரம் நின்றுகொண்டு உயிர்களைக் காப்பதா?

போராடினால் கிடைக்கும். கேரளத்தில் நர்சுகள் யூனியனில் திரண்டு 2017-ல் வேலைநிறுத்தக் களத்தில் நின்றார்கள். 2018 ஏப்ரலில் 20,000 ரூபாய் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்துக்கு உத்தரவு வந்தது.

நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. உறவினர் மாண்டால் துக்கத்தில் அந்தப் பெண் மீது கை ஓங்குகிறோம். இது கூடாது. நிர்வாகத்தை நோக்கி ஒரே கேள்வி கேளுங்கள்: "அந்த இரவில் எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்சு? அதில் அனுபவசாலி எத்தனை பேர்?" அந்தக் கேள்விக்குத்தான் அவர்கள் அஞ்சுவார்கள்.

ஜிப்மர் முதல் கதிர்காமம் வரை, பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம் வரை, சர்க்காரோ தனியாரோ, எங்கும் ஒரே நியதி வேண்டும். ஐ.சி.யூ.வுக்கு வரும் புதிய நர்சுக்கு முதல் சில மாதங்கள் அனுபவமுள்ள நர்சு பக்கத்தில் நிற்க வேண்டும். அதுவரை அவளைத் தனிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்சு. எட்டு மணி நேர வேலை. கமிட்டி சொன்ன சம்பளம். இரவு டியூட்டி முடிந்தால் வீடு சேர வண்டி. யூனியன் சேரும் உரிமை.

மில் கேட் கூட்டத்திலும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டத்திலும் இந்தக் கோரிக்கைகளையும் சேர்த்து எழுப்புவோம்! நர்சு தனியாக நின்றால் நோயாளியும் தனியாகத்தான் கிடப்பான்.