வேலியிட்ட சாலையும் வழிப்போக்கர் பசியும்

2011 ஆம் ஆண்டு கொட்டாவையிலிருந்து காலி வரை திறக்கப்பட்ட தெற்கு அதிவேக நெடுஞ்சாலை, 2014 இல் மாத்தறையையும் 2020 இல் மத்தளையையும் எட்டியது. பயண நேரம் குறைந்தது, மகிழ்கின்றோம். ஆனால், வழியிற் பசித்தவர் நிலை யாது?

பழைய காலி வீதியில் ஒரு கடைச் சோறு பிடிக்காவிடின் அடுத்த கடையை நாடலாம். இருமருங்கும் வேலியிட்ட சாலையிலோ, வெலிப்பென்ன போன்ற ஓய்விடத்திற் கிடைப்பதை உண்ண வேண்டும். அன்றேற் சாலையை விட்டே வெளியேற வேண்டும். போட்டியற்ற இடத்தில் நல்லுணவும் நியாய விலையும் தாமாக வாரா. அவற்றை நிபந்தனையாக விதிப்பது இடமளிக்கும் அரசாங்கத்தின் கடமையாகும்.

இங்கிலாந்தில் எம்-6 நெடுஞ்சாலை ஒரு குடும்பத்தின் பண்ணையை ஊடறுத்துச் சென்றது. அக்குடும்பத்தினரே 1972 இல் டீபே என்னுமிடத்தில், அச்சாலையோரம், 30 இருக்கைகள் கொண்ட சிற்றுணவகமொன்றைத் தொடங்கினர். அயற்பண்ணைகளின் விளைபொருள்களே இன்று அதற்குப் புகழ் தேடித் தருகின்றன.

எமது நெடுஞ்சாலைக்கும் வீடு வளவு இழந்தோர் பலர். அவர்தம் ஊரில் அவிக்கும் இடியப்பமும், காய்ச்சும் இலைக்கஞ்சியும் ஓய்விடங்களில் ஏன் விற்கப்படலாகாது?

நாம் கேட்பவை மூன்றே: அயற்கிராமத்தவர்க்குக் குறைந்த வாடகையிற் கடைகள், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் விலைப்பட்டியல், யாவர்க்கும் இலவசக் குடிநீர். பெரும் பொருள் செலவிட்டுச் சாலை அமைத்தவர்க்கு இவை சுமையாகா.

விரைந்து செல்ல வழி வகுத்தோர், வயிறார உண்டு செல்லவும் வழி வகுப்பாராக.