சங்கிலிக்குத் தடை! காப்பகத்தில் கவனிக்க வேண்டியது என்ன?

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6-ந் தேதி அதிகாலை, மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றி எரிந்தது. அது கூரைக் கொட்டகை. உள்ளே பலருடைய கால்களில் சங்கிலி. அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள்.

இத்தகைய இடங்களுக்கு லைசென்சு வேண்டும் என்று 1987-ம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது. அந்தக் காப்பகத்துக்கு லைசென்சு இல்லை. தடுப்பாரும் இல்லை.

2017-ல் புதுச் சட்டம் வந்தது. பதிவு செய்யாமல் மனநலக் காப்பகம் நடத்தக் கூடாது. சங்கிலி கூடவே கூடாது. மொட்டை அடிக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது. வேலை செய்தால் கூலி தர வேண்டும். 3 ஆண்டுக்கு ஒரு முறை தணிக்கை உண்டு.

குறை இருந்தால் யாரிடம் சொல்வது? அதற்கென்று மறு ஆய்வு வாரியம் உண்டு. அதன் முகவரியையும் டெலிபோன் எண்ணையும் எல்லோர் கண்ணிலும் படும்படி காப்பகத்தில் எழுதி வைக்க வேண்டும். நோயாளி இலவசமாகப் பேச டெலிபோனும் தர வேண்டும்.

உறவினரைச் சேர்க்கப் போகிறவர்கள் முதலில் பதிவுச் சான்றைக் கேட்க வேண்டும். பிறகு அந்த முகவரி எங்கே என்று தேட வேண்டும். சேர்த்ததோடு கடமை தீராது. அதிகாரி எப்போதாவதுதான் வருவார். அடிக்கடி போய்ப் பார்க்கும் அண்ணன், தங்கைதான் நோயாளிக்கு உண்மையான காவல்!