சதையியின் முறைப்பாடு

மாணவர் ஒருவர் எமக்கு இவ்வாறு எழுதியுள்ளார்: "என் தந்தையாருக்குப் பித்தக்கானிலே கல் அடைத்திருந்தது. வயிற்றைக் கீறாது, வாய்வழியே குழாய் செலுத்தி அதனை எடுத்தார்கள். அன்று மாலை இரத்தத்திலே அமைலேசு வழக்கத்தினும் இருமடங்கு இருந்தது. நோவு ஒன்றுமில்லை. வைத்தியரும் அஞ்ச வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்னையாரோ உறக்கமின்றித் தவிக்கிறார்."

அன்னையாரின் தவிப்பு இயல்பானதே. அதனைத் தணிக்கச் சதையியின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

கணையம் என்றும் வழங்கும் சதையி, இரைப்பையின் பின்னே கிடக்கும் சுரப்பி. அதன் சாற்றிலுள்ள அமைலேசு மாப்பொருளையும், இலிப்பேசு கொழுப்பையும், திரிப்சின் புரதத்தையும் சமிபாடடையச் செய்யும் நொதியங்களாம். புரதத்தைக் கரைக்கும் திரிப்சின் சதையியையே கரையாதிருப்பது எவ்வாறு? அது உறங்கும் நிலையிலே சுரந்து, முன்சிறுகுடலை அடைந்த பின்னரே விழிக்கிறது. வாளை உறையிலிட்டு வழியனுப்புவது போன்றது இயற்கையின் இவ்வேற்பாடு.

பித்தக்கானும் சதையிக்கானும் பெரும்பாலும் ஒரே வாயிலால் முன்சிறுகுடலிலே திறக்கின்றன. 1968ஆம் ஆண்டில் அமெரிக்கச் சத்திரவைத்தியர் வில்லியம் மக்கூனும் தோழரும் உள்நோக்கிக் குழாயின் வழியே அவ்வாயிலுள் நுண்குழாயைச் செலுத்திக் காட்டினர். 1974இல் அவ்வாயிலைச் சிறிது வெட்டும் முறை ஜேர்மனியிலும் யப்பானிலும் வெளியாயிற்று. கல்லை எடுக்க வயிற்றைக் கீறும் தேவை பெரிதும் குறைந்தது.

ஆயினும் பித்தக்கானை நாடிச் செல்லும் கருவி, அயல்வீட்டுக் கதவையும் இடித்துவிடல் கூடும். வாயில் வீங்கிச் சாறு தேங்கினால், நொதியம் உள்ளேயே விழித்துத் தன்னைப் பெற்ற சுரப்பியை அரிக்கத் தொடங்கும். சிதைந்த கலங்களிலிருந்து அமைலேசும் இலிப்பேசும் இரத்தத்திலே கசியும். சதையி புண்பட்டால் இரத்தத்தில் இலிப்பேசு தோன்றுவதை, நாய்களை ஆராய்ந்து செர்ரி, கிராண்டல் என்னும் இருவர் 1932இலேயே எடுத்துரைத்தனர். இரத்தத்தில் ஏறும் இந்நொதியங்களைச் சதையியின் முறைப்பாடு எனலாம்.

ஆனால் முறைப்பாடு யாவும் வழக்காவதில்லை. இச்சிகிச்சையின் பின் பலருக்கு நொதியம் நோவின்றி உயர்ந்து, தானே தணிந்துவிடுகிறது. அன்றியும், அமைலேசு உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்தும் வருவது. கூகைக்கட்டு நோயிலும் அது உயரும். எனவே 1991இல் வைத்திய அறிஞர்கள் ஓர் இலக்கணம் வகுத்தனர். புதிதாக வயிற்றுநோவு தோன்றல், இருபத்து நான்கு மணிநேரம் கடந்தும் அமைலேசு மும்மடங்கேனும் நிற்றல், வைத்தியசாலையிலே தங்க நேரல் ஆகிய மூன்றும் கூடினாலே அது சிகிச்சையால் விளைந்த சதையி அழற்சி எனப்படும். நோவே இல்லாத தந்தையார் இவ்விலக்கணத்துள் அடங்கார்.

நோவு உள்ளவரின் நிலை வேறு. அன்றே வீடு செல்லவிருப்பவருக்கு நோவு இருப்பின், இரண்டு முதல் ஆறு மணிநேரத்துள் இரத்தத்தைச் சோதிக்குமாறு ஐரோப்பிய உள்நோக்கியியற் சங்கம் அறிவுறுத்துகிறது. வழக்கமான மேலெல்லையினும் அமைலேசு ஒன்றரை மடங்குக்கும், இலிப்பேசு நான்கு மடங்குக்கும் குறைந்திருப்பின் இவ்வழற்சி பற்றிய அச்சமின்றி அனுப்பலாம் என்பது அதன் கருத்து.

இச்சிகிச்சை பெறுவோரில் நூற்றுக்கு மூவர் முதல் பதின்மர் வரை இவ்வழற்சிக்கு ஆளாகின்றனர். பெரும்பாலோர் சில நாள்களிலே தேறுவர். மிகச் சிலருக்கோ உயிருக்கே இடராகும். ஆகையால் வீடு திரும்பியபின் மேல்வயிற்றில் நோவெடுத்து முதுகுக்குப் பரவினாலும், வாந்தி தொடர்ந்தாலும், "வாய்வுதான்" என்று இஞ்சிச்சாறு கொடுத்து இரவைக் கடத்துதல் ஆகாது. அந்நேரமே வைத்தியசாலைக்குச் சென்று, செய்த சிகிச்சை இன்னதென்று கூறுதல் வேண்டும்.

மாணவ நண்பரே, அன்னையாரிடம் இதனைச் சொல்லுக: தாளிலுள்ள எண்ணை எண்ணி உறக்கம் கெட வேண்டாம், தந்தையாருக்கு நோவு உண்டா என்று கேட்டறிந்தால் போதும். அவர் நோவென்றால் மட்டும் விடியும்வரை காத்திராதீர்.