யார் குடிகாரர்?

குடிக்க வைத்தவனுக்குப் பாரம்பரியம், குடித்தவனுக்குக் கெட்ட பேர். இந்த நியாயத்தைத் தென்னாப்பிரிக்காவிலும் கண்டேன்.

ஸ்டெல்லன்போஷில் ஒரு குடும்பத்து ஒயின் பண்ணை. பழைய கொட்டகை, மரப்பீப்பாய், பலகை மேசை; சுவைபார்க்க ஊற்றுகிறார்கள். சுவரில் தாத்தா, அப்பா, மகன் படங்கள். 'எல்லாம் எங்க குடும்பத்து உழைப்பு' என்றார் முதலாளி. தோட்டத்து ஆட்கள்? 'அவங்களா, குடிச்சே அழியிறவங்க!'

யார் உழைப்பு? 1838இல் விடுதலையாகும்வரை அங்கே கொடி வளர்த்தவர்கள் அடிமைகள். சோழமண்டலக் கரையிலிருந்து டச்சுக்காரன் கப்பலேற்றிக் கேப்புக்குக் கொண்டுபோன சனமும் அவர்களில் உண்டு. பிறகும் கூலியில் ஒரு பங்கை ஒயினாகவே ஊற்றினான் பண்ணைக்காரன், ஒரு நாளைக்குப் பல தடவை. 'டொப்' முறை என்று அதற்குப் பேர். 1960களில் சட்டம் தடுத்தும் 1990கள்வரை சில பண்ணைகள் விடவில்லை. தாயின் வயிற்றிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் உலகில் மிக அதிகமாகப் பிறக்கும் வட்டாரங்களில் அதுவும் ஒன்று.

'சேரிக்காரன்னா குடிகாரன்' என்று நம்ம ஊர்க்காரன் சொல்கிறானே, அதே பேச்சுதான் இது.

2012இல் மேற்குக் கேப் பண்ணைத் தொழிலாளர்கள் 69 ரேண்ட் நாள்கூலியை 150 ஆக்கச் சொல்லி வேலைநிறுத்தம் செய்தார்கள். 2013இல் 105 ஆனது. அவர்கள் கேட்டது ஒழுக்க உபதேசம் இல்லை, கூலி. நாமும் அதையே கேட்போம்.