மழைக்கு முன்னாடி காக்கடு

"அக்டோபர் கடைசியில காக்கடு போகாதீங்க, புழுங்கிச் சாவீங்க"ன்னு டார்வின்ல இருக்கிற சித்தப்பா தலையால அடிச்சுக்கிட்டார். அப்பா கேட்கலை. சீசன் முடிஞ்சா ரூம் வாடகை குறையுமாம்! (காமர்ஸ் படிக்கிறது நான், கணக்கு போடுறது அவர்.)

மண் ரோட்டுல குலுங்கிக் குலுங்கிப் போனா, ஜிம் ஜிம் அருவியில சொட்டுத் தண்ணி விழலை. அம்மா முகமே வாடிடுச்சு. ஆனா மாமுகலா சதுப்பு நிலத்துல பார்த்தோமே... சுத்துவட்டாரமெல்லாம் காய்ஞ்சதால, மிச்சமிருந்த தண்ணியில ஆயிரக்கணக்கா கறுப்பு வெள்ளை வாத்துக் கூட்டம். மழை இறங்கினா கலைஞ்சு போயிடும்.

டூரிஸ்ட்டுக்கு அங்கே ரெண்டே பருவம்: வறட்சி, மழை. அந்த மண்ணோட பினிஞ் மக்களுக்கு ஆறு. இந்தப் புழுக்கத்துக்கே 'குனுமெலெங்'னு தனிப்பேர் உண்டு. அருவியை மட்டும் வெச்சு இதை மோசமான சீசன்னு ஒதுக்குறது தப்புக் கணக்குங்க. அடுத்த தடவையும் என் ஓட்டு அக்டோபருக்குத்தான். அம்மாதான் ஒத்துக்கணும்.