நோட்டில் ஏறாத நாட்கள்

"கடலை விற்ற பணம் வந்தது, போன இடம் தெரியவில்லை. வருஷக் கணக்கை எப்படி எழுதுவது?" என்று கேட்டிருக்கிறார் திருத்தணிப் பக்கத்து வாசகி ஒருவர்.

திருத்தணி மலைக்கு 365 படிகள், நாளுக்கு ஒன்று என்பார்கள். டிசம்பர் 31 திருப்படித் திருவிழாவில் ஒரு படியையும் விடாமல் பூஜை செய்து ஏறுவார்கள். நோட்டு எழுத அத்தனை வைராக்கியம் வேண்டாம். வேலை நடந்த நாளில் இரண்டு வரி போதும்.

கிராம அடங்கலில் பசலி ஆண்டுக்கு (ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை) என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்பது இருக்கும். உங்கள் செலவு அதில் வராது. விதைத்த தேதி, ரகம், உரம், கூலி, விற்ற விலை, கடன் வட்டி எல்லாம் வீட்டு நோட்டில்தான் ஏற வேண்டும். இறவைக் கடலைக்கு 40–45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும். விதைத்த தேதி எழுதாதவர் எதிலிருந்து நாள் எண்ணுவார்?

பல நோட்டுகளில் விட்டுப்போவது வீட்டுப் பெண்களின் உழைப்பு. களை எடுத்தது, காய் ஆய்ந்தது எல்லாம் 'நம்ம வேலைதானே' என்று போய்விடுகிறது. வெளியாளுக்குத் தரும் கூலியையே அந்த நாட்களுக்கும் போட்டுப் பாருங்கள். லாபம் என்று நினைத்த கடலை நஷ்டத்தில்கூட நிற்கலாம். கசப்புதான். ஆனால் அடுத்த பட்டத்தில் பரப்பைக் குறைப்பதா, உளுந்து போடுவதா என்று வீட்டில் பேச அந்தத் தொகை கையில் வேண்டும். கேள்வி கேட்ட அம்மா முதலில் தாம் களையெடுத்த நாட்களை எண்ணி எழுதட்டும்.