ஏரிக்கரையில் கேட்ட தப்பு

சித்திரை பிறக்கும் வேளையில் நுவரெலியா விழாக்கோலம் பூணுகிறது. மலர்க்காட்சியும் குதிரைப் பந்தயமும் கொழும்பு மக்களை மலையேறச் செய்கின்றன. இவ்வாண்டு கிரகரி ஏரிக்கரையில் தோட்டத்துக் கலைஞர் நால்வர் தப்பு அடிக்கக் கண்டேன். கூட்டம் கைத்தொலைபேசியில் படம் பிடித்தது. சில நிமிடங்களில் கலைந்தது.

அதே தப்பு மாசி மாதத்தில் லயங்களின் முன்னே காமன் கூத்துக்கு ஒலிக்கும். மதன் கரும்புவில் ஏந்தி வருவதற்கு ஓர் அடி. அவன் சாம்பலானபின் ரதி புலம்புவதற்கு வேறோர் அடி. தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்த நம் முன்னோர் கொணர்ந்த செல்வம் அது. ஏரிக்கரையில் கேட்டது அதன் ஒரு துணுக்கே.

“முழுக் கூத்தையும் இங்கே ஆடலாகாதா, ஐயா?” என்று அவர்களுள் முதியவரை வினவினேன்.

“காமன் எரியறது மாசியிலதான், தம்பி. காப்புக் கட்டி, விரதம் இருந்து ஆடுறோம். அதைச் சித்திரைக்கு மாத்தலாமா?” என்றார்.

என் கேள்வியே பிழை என்று உணர்ந்தேன். நகரந்தான் கூத்தைத் தேடிச் செல்ல வேண்டும். விழா நடத்துவோர் தப்புக்காரருக்குத் தக்க ஊதியம் அளிக்கட்டும்; மாசியில் கூத்து நிகழும் தோட்டங்களின் பெயர்களையும் வருவோர்க்கு அறிவிக்கட்டும். அடுத்த மாசியில் கம்பளி போர்த்துக்கொண்டு அப்பெரியவரின் லயத்துக்கு வருவதாக நான் வாக்களித்திருக்கிறேன்.